கழுவிட்டு வந்துடறேன்

டீ குடித்த டம்ளரை நானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன், ஐயா. வாசலில் நிற்கும் உங்கள் காவலர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பழக்கதோஷம். எச்சில் டம்ளர் எதிரில் இருந்தால் எனக்குப் பேச்சே வராது. இன்று பேசியாக வேண்டும் என்றுதான் நானாகவே வந்திருக்கிறேன்.

என் பேச்சில் பாதி கழுவுவதைப் பற்றித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வேலையில் செங்கல் அடுக்குவதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். வேலை முடிந்த பிறகு கலவை அள்ளிப் பூசுகிற கரணையைக் கழுவுவதை யாரும் பார்க்கமாட்டார்கள். கலவை கரணையில் ஒட்டியிருக்கும்போதே கழுவினால் வெறும் தண்ணீர் போதும். சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்று விட்டால் கம்பி பிரஷ் தேட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சுத்தியலும் உளியும்தான். அதனால் என்னை யார் கூப்பிட்டாலும், சாப்பிடக் கூப்பிட்டாலும் டீக்குக் கூப்பிட்டாலும், ஒரே பதில்தான் சொல்வேன். 'இருங்க, கழுவிட்டு வந்துடறேன்.' வேலை செய்யும் இடங்களில் எனக்குச் 'சோப்பு' என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

மிக்ஸர் கழுவுவது தனி வித்தை. கடைசிக் கலவையைக் கொட்டிய கையோடு உள்ளே ரெண்டு சட்டி ஜல்லியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுச் சுற்றவிட வேண்டும். ஜல்லி உருண்டு உருண்டு, ஒட்டியிருப்பதையெல்லாம் சுரண்டி எடுத்துவிடும். சத்தம்தான் காதைப் பிளக்கும். பக்கத்தில் நின்று காதோடு வாய் வைத்துச் சொன்னாலும் கேட்காது. இதைச் செய்யாமல் விட்டால் உள்ளே இருக்கும் தகடுகளில் கலவை பாறையாகப் படிந்து, மிக்ஸரின் வயிறு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போகும். அப்புறம் வரும் கலவையில் பழைய கட்டிகள் உடைந்து விழும். அதை வைத்துக் கட்டும் சுவர் என்ன சுவர்?

இப்போது அந்த நீல டிரம்முக்கு வருகிறேன். அதைப் பற்றித்தானே மூன்று நாளாக எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது என்னுடையது. மிக்ஸருக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருப்பேன், யாரும் தொடக்கூடாது என்பதற்காக. அதில் இருந்தது தண்ணீரும் சர்க்கரையும். சிரிக்காதீர்கள், டீக்குப் போடுகிற சர்க்கரையேதான். சர்க்கரை பட்டால் சிமெண்ட் இறுகாது. கரணை, சட்டி, மட்டப்பலகை எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரில் முக்கி வைத்தால், ஒட்டியிருக்கும் கலவை எவ்வளவு நேரமானாலும் குழைந்தே கிடக்கும், துணியால் துடைத்தால் வந்துவிடும். நான் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன். அந்தத் தண்ணீரில் ஒரு சட்டி கலவைக்குள் போனாலும் சுவர் நிற்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சிவப்புத் துணி.

மாப்பிள்ளைக்கு அது தெரியாது. என் தங்கை புருஷனைத்தான் சொல்கிறேன். சுவருக்கு அடியில் போனவரை. டிரம்மில் ஏதோ சோப்புத் தண்ணீர் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான் சொல்லவில்லை. தொழிலில் எனக்கென்று இருந்த ஒரே ரகசியம் அதுதான். அதையும் சொல்லிவிட்டால் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று ஒரு எண்ணம். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு பிடி சர்க்கரையைப் பெரிய சொத்து மாதிரி மறைத்து வைத்திருந்தேன்.

அவர் முன்பு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு நான்தான் வேலைக்குக் கூட்டிவந்தேன், நான்தான் கரணை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். கை ஓட்டம் இயல்பிலேயே வந்துவிட்டது அவருக்கு. நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவர் ரெண்டாவது வரிசையில் பாதி போயிருப்பார். அதோடு வாய் ஓயாமல் கேலி, கிண்டல், பாட்டு. அவர் இருந்தால் சித்தாளிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் முகத்தில் களை வந்துவிடும். கரணையை மட்டும் கழுவமாட்டார். அது கைப்பிடி வரை காய்ந்த கலவையோடு தடித்துக் கிடக்கும். வாயைத் திறந்தால், 'மச்சான் தன் கரணையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தாலாட்டுப் பாடித் தூங்க வெச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதில் பொய் இல்லை, அவர் சொன்னால் எனக்கும் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலிக்கும்.

வீடும் ஒரே வீடு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முன்னறையில் அவர்கள் இருவரும், பின்னறையில் நான். என் கட்டிலுக்கு அடியில் என் சாமான்கள், எண்ணெய்த் துணியில் சுற்றி. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தங்கையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பது கேட்கும். நல்ல புருஷன், ஐயா. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சுவர் விழுந்ததே, அந்தக் கிடங்கு வேலையில் மேஸ்திரி ஒரு நாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "அடுத்த வேலையிலேர்ந்து ஆளுங்களை மாப்பிள்ளையே பார்த்துக்கட்டும். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கழுவி முடிக்கறதுக்குள்ள அவரு ஒரு ரூமையே எழுப்பிடறாரு." சித்தாள்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் என் தோளில் கை போட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மச்சான், எப்பவும் நீங்கதான் பெரியவரு" என்றார். அந்தக் கைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. சிரித்திருந்தால் கூட விட்டிருப்பேன். இத்தனை வருஷம் தொழில் செய்தவன், நான் கூட்டிவந்த ஆள் என்னைத் தேற்றும்படி ஆகிவிட்டேனே என்று இருந்தது.

தண்ணீர் நின்ற நாள் அதற்குப் பிறகு வந்தது. குழாயில் வரவில்லை, லாரியும் வரவில்லை. கிடங்கின் பின்சுவர், ஒற்றைக்கல் சுவர், பாதி உயரத்தில் நின்றது. அன்றைக்கே இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு அவசரம். மேஸ்திரி மறுநாள் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது. சாரத்தின் மேல் நின்றுகொண்டு, "அந்த டிரம்முல தண்ணி இருக்குல்ல, அதை எடுத்துப் போட்டுக் கலக்கும்மா" என்று கலவைக்காரம்மாவிடம் கத்தினார். அந்த அம்மாதான் மிக்ஸர் பார்ப்பவர். இப்போது உங்கள் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். தப்பான தண்ணீரை எடுத்து ஒரு ஆளைக் கொன்றுவிட்டாள் என்று ஊரே சொல்கிறதே, அவர்.

அவர் எடுத்த எடுப்பில் எடுத்துவிடவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார். "அண்ணே, உங்க டிரம்முலேர்ந்து எடுக்கலாமா? கலவைக்குப் போடலாமா?" இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். மிக்ஸர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டு என் கையெழுத்தை வாங்கினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் ஒன்றைக் கேட்டிருக்கலாம். தண்ணீர் இல்லாமல்தானே வேலை நின்றது. அப்போது மிக்ஸர் எப்படி ஓடிக்கொண்டிருக்கும்? அது நின்றிருந்தது. அந்த இடத்தில் காக்கை கரைந்தால் கூடக் கேட்டிருக்கும். நான் மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நான் சரி என்றதாக எடுத்துக்கொண்டு, சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரை மொண்டுகொண்டு போனார்.

அப்போது என் மனதில் இருந்தது இவ்வளவுதான். சுவர் இறுகாது. நாளைக்கு மேஸ்திரி வந்து விரலால் அழுத்திப் பார்ப்பார், கல்லு ஆடும். இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல்வார். எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளை தலைகுனிந்து நிற்பார். நான் அவர் தோளில் கை போட்டு, அதெல்லாம் ஒன்றும் இல்லை என்பேன். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. இதுவரை கேட்டால் யாராக இருந்தாலும், மனுஷன்தானே, பொறாமை வந்திருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். நானும் என்னை அப்படித்தான் விட்டிருந்தேன். சாயந்திரம் தண்ணீர் வந்ததும் டிரம்மைப் பழையபடி நிரப்பி, சர்க்கரை போட்டு, துணியைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். தங்கை சாப்பாடு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் அந்தச் சுவரில் நகத்தை வைத்துப் பார்த்தேன். நகம் முழுக்க உள்ளே போனது. எனக்குப் பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்து கட்டைவிரலால் அழுத்தினார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

"மச்சான், நேத்து வெச்சது இன்னும் இறுகவே இல்லியே?"

என்னைத்தான் கேட்டார், ஐயா. தொழில் சொல்லிக்கொடுத்தவனைக் கேட்டார்.

"மேகமூட்டமா இருக்குல்ல மாப்ள, அப்படித்தான் இருக்கும்" என்றேன். "வெயில் ஏறினா சரியாயிடும். நீங்க மேல ஏத்துங்க."

ஏற்றினார். நான் சொன்னதால் ஏற்றினார். முந்தின நாள் வரை நான் வாயைத் திறக்காதவன் மட்டும்தான். அந்த இடத்தில்தான் வாயைத் திறந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். மேஸ்திரி மத்தியானம்தான் வருவதாக இருந்தது. அவர் வருவதற்குள் மாப்பிள்ளையே கண்டுபிடித்து இடித்துவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு அவமானம் என்று என் புத்தி கணக்குப் போட்டிருக்கிறது. வெளியே சொல்ல வாய் கூசுகிறது.

என் சாமான்கள் எப்படித் தப்பின என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். சுவரடியில் இருந்த மற்றவர்களின் சட்டி, மண்வெட்டி எல்லாம் நசுங்கிக் கிடந்தன. என் கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல்கண்டு எதற்கும் ஒரு கீறல் இல்லை. வழக்கமாகவே சாமான்களைப் பத்திரமாக வைப்பவன் என்று அன்று பதில் சொன்னேன். வழக்கமாக நான் சுவரடியில்தான் வைப்பேன். அன்று காலையில், மேலே ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரும்போது, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய் மிக்ஸருக்கு அந்தப் பக்கம் துணி விரித்து வைத்தேன். கை தன்பாட்டுக்குச் செய்தது. சுவர் விழும் என்று நான் நினைக்கவே இல்லை என்று உங்களிடம் சத்தியம் பண்ணலாம் என்றுதான் வந்தேன். ஆனால் என் ரசமட்டத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேனே. நினைக்காதவன் ஏன் எடுத்து வைப்பான்?

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கடைக்குப் போய்விட்டார்கள். கலவைக்காரம்மா குடிக்கத் தண்ணீர் எடுத்துவரப் போனார். மாப்பிள்ளை மட்டும் இந்த வரிசையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சாரத்தில் நின்றார். பலகையின் ஒரு முனை சுவரிலேயே தாங்கியிருந்தது, பலகை மேல் செங்கல் அடுக்கு. நான் மிக்ஸர் பக்கம் இருந்தேன். பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. சுவர் நடுவில் பிதுங்கியது, பிறகு உட்கார்ந்தது, பிறகு பலகையோடு மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அவர் மேலேயே சாய்ந்துவிட்டது. புழுதி அடங்கிய பிறகு கல்லுகளைப் பார்த்தேன். முந்தின நாள் வைத்த கல் ஒன்றிலும் கலவை ஒட்டியிருக்கவில்லை. சூளையிலிருந்து இறக்கி வைத்தது போல அத்தனை சுத்தமாகக் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது என்று எல்லோரும் சொல்வது இது. அவர்கள் ஓடி வந்தபோது நான் வெறுங்கையால் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தேன், அழுதுகொண்டே தள்ளினேன், மாப்பிள்ளையைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்துப் போராடினேன். என் தங்கை அதைக் கேட்டுவிட்டு என் கையிரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம், எலும்பு முறிவெல்லாம் சரியாகிவிடக்கூடியதுதான், மேலே இருந்த பாரத்தில்தான் மூச்சு முட்டியிருக்கிறது, கொஞ்சம் முன்னால் எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "எங்க அண்ணன் ஒருத்தரா என்ன பண்ணுவாரு டாக்டர்" என்று அவள் எனக்காகப் பேசினாள். இப்போதும் வீட்டில் எனக்குப் போட்ட பிறகுதான் அவள் சாப்பிடுகிறாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறேன், அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

கலவைக்காரம்மா மட்டும் வேறு மாதிரி சொன்னார். அவர்தான் முதலில் ஓடி வந்தவர். "அவரு கை ஈரமா இருந்துச்சு, சுத்தமா இருந்துச்சு. அப்பதான் கழுவின கை மாதிரி இருந்துச்சு" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். தன் பழியை அடுத்தவர் மேல் போடப் பார்க்கிறாள் என்று எல்லோரும் அவரை ஏசினார்கள். மேஸ்திரி அடிக்கவே போனார். நானும் அங்கே இருந்தேன். பாவம், பதற்றத்தில் பேசுகிறது, விடுங்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். இன்று உள்ளே வரும்போது அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார், ஐயா. உட்காருங்கண்ணே என்றார். சிமெண்ட் தின்று வெடித்துப்போன விரல்கள். அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

என் கை கழுவின கைதான். சுவர் விழுந்ததும் நான் முதலில் நீல டிரம்மைக் கவிழ்த்தேன், அலம்பினேன், துணியை அவிழ்த்துப் பையில் போட்டேன். அதற்காவது ஒரு காரணம் உண்டு, யாராவது நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறகு மிக்ஸரைக் கழுவினேன். அதற்குக் காரணம் கிடையாது. அதில் இருந்தது அன்று காலையில் நல்ல தண்ணீரில் கலந்த நல்ல கலவை. ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை. விட்டால் இறுகிவிடுமே என்றுதான் கழுவினேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஏதாவது சொன்னாரா அண்ணா என்று தங்கை கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, உடனே போய்விட்டார் என்று சொன்னேன். அவர் கூப்பிட்டார். நான் டிரம்மை அலம்பிக்கொண்டிருந்தபோது கல்லுக்கு அடியிலிருந்து, கத்தாமல், சாதாரணமாக, வீட்டில் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். "மச்சான், இங்க வாங்க. இதைக் கொஞ்சம் தூக்குங்க." நான் பதில் சொன்னேன். வாயில் எப்போதும் வருகிற பதில்தான் வந்தது.

"இருங்க மாப்ள, கழுவிட்டு வந்துடறேன்."

திரும்பவும் கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். அதை நின்று கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ரெண்டு சட்டி ஜல்லியை அள்ளி உள்ளே போட்டேன், தண்ணீர் ஊற்றினேன், கைப்பிடியைப் பிடித்துச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினேன். மிக்ஸர் சத்தத்தில் கேட்கவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன் அல்லவா, அது முழுப் பொய் இல்லை, ஐயா. கலவைக்காரம்மா கேட்டபோது மிக்ஸர் நின்றிருந்தது. மாப்பிள்ளை கூப்பிட்டபோது ஓடியது. நான்தான் ஓட்டினேன்.